இரண்டு லோடு சுண்ணாம்பு

இதைப் படிக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையில் பேனா பிடித்த நாளைவிட வெள்ளையடிக்கிற மட்டை பிடித்த நாள்தான் அதிகம். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படிப்பட்டவன் எழுத வருவதே அதிகப்பிரசங்கித்தனம். அதிலும் கடலுக்குள் கிடக்கிற பவளப்பாறையைப் பற்றி, கரிசல் காட்டில் பிறந்து இன்றுவரை நீச்சல் தெரியாத ஒருவன் எழுதுவது இன்னும் மோசம்.

படித்தவர்கள் எழுதட்டும் என்றுதான் இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன். எழுதினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதைப் படித்தாலும் கடற்கரைக்காரர்கள் கல்லை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றே இருக்கிறது. வெட்டின கல் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களா அதைத் தின்றார்கள்? எங்கள் ஊருக்கு வந்தது. எங்கள் சுவர்களில் ஏறியது. ஏற்றினவன் நான். அந்த ஒரு காரணத்தால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பசுவந்தனைக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கம்பு, உளுந்து, பருத்தி. மழை பெய்தால் புஞ்சைக்குப் போவார்கள், பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவார்கள். ஊரில் இருந்த இரண்டு தீப்பெட்டி ஆபீஸுக்கும் ஒருவர்தான் முதலாளி. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்லும். அம்மன் கோயில் நிர்வாகமும் அவர் கையில்தான் இருந்தது.

பங்குனியில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. கொடைக்குப் பத்து நாளைக்கு முன்னால் ஊர் முழுக்க வெள்ளையடித்து முடித்துவிட வேண்டும். அவரவர் சுண்ணாம்பு வாங்கி அடித்துக்கொள்வது எங்கள் ஊரில் கிடையாது. கோயில் பொறுப்பில் லாரியில் சுண்ணாம்பு வந்து இறங்கும். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற குழியில் நான் அதைத் தண்ணீர் விட்டு நீற்றுவேன். நீற்றின சுண்ணாம்பை வீட்டுக்கு இத்தனை வாளி என்று அளந்து கொடுப்போம். கோயிலுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் நானே ஏணி போட்டு அடிப்பேன். வெள்ளையடிக்காத வீட்டு வாசலில் அம்மன் சப்பரம் நிற்காது. அதனால் ஒரு வீடு பாக்கி இருக்காது.

அது கடல் சுண்ணாம்பாகத்தான் இருக்க வேண்டும். கடலில் எடுத்த கல்லைத் தூத்துக்குடிப் பக்கம் காளவாசல் என்கிற சூளையில் சுட்டு வருகிற சுண்ணாம்பு. எப்போது வந்த வழக்கம் என்று கேட்டால் ஆதியிலிருந்து என்பார்கள். ஆதியில் லாரி ஏது? முந்தின காலத்தில் எங்கள் ஓடையில் கிடக்கிற சுக்கான் கல்லைச் சுட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். கரிசல் மண்ணுக்கு அடியில் உருண்டை உருண்டையாகக் கிடக்குமே, அதுதான் சுக்கான். அதுவும் சுண்ணாம்புக் கல்தான். கொஞ்சம் பழுப்படிக்கும், அவ்வளவுதான். கடல் சுண்ணாம்பின் வெள்ளையைப் பார்த்த பிறகு ஊருக்குச் சுக்கான் பிடிக்காமல் போய்விட்டது. காலடியில் கிடக்கிற கல்லைப் பொறுக்கி வண்டிப்பாதைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, கடலுக்கு அடியில் கிடக்கிற கல்லை லாரி வைத்து வரவழைக்கிற ஊர் எங்கள் ஊர். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். அப்போது வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுட்ட கல்லைக் குழியில் போட்டுத் தண்ணீர் விட்டால் புகைந்து, கொதித்து, மாவாகும். சரியாக வேகாத கல் மட்டும் அடியில் தங்கிவிடும். அதை எடுத்துத் தூரப் போடுவேன். அந்தக் கல்லைக் கழுவிப் பார்த்தால் சின்னச் சின்னப் பூவாக, நெருக்க நெருக்கமாக அச்சு இருக்கும். தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். பதினைந்து வருடம் அதைக் கையில் எடுத்தவன், ஒரு கல்லில் யார் உட்கார்ந்து இத்தனை பூ செதுக்கினார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை. கல் என்றால் கல், அவ்வளவுதான்.

என்னை யோசிக்க வைத்தவர் கருவாடு விற்க வருகிற ஒரு அக்கா. புதன்கிழமைதோறும் கடற்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் ஊருக்கு வருவார். என் குழிக்குப் பக்கத்தில் நிற்கிற வேப்பமரத்தின் கீழேதான் கூடையை இறக்குவார். வாய் கொஞ்சம் அதிகம். பேரம் பேசுகிறவர்களை அவர் கேட்கிற கேள்விக்கு பயந்தே பாதிப் பேர் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, மாசி மாதம். நான் பழைய குழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். நான் தூக்கிப் போட்ட வேகாத கல் ஒன்று அவர் கூடைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இது எங்கன உள்ள கல்லு, தெரியுமா தம்பி?"

காளவாசலில் இருந்து வருகிறது என்றேன். காளவாசலுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கடலில் இருந்து என்றேன். கடலில் எந்த இடத்திலிருந்து என்றார். கடல் எனக்கு ஒரே இடம்தான்.

அன்று அவர் கருவாடு விற்றதைவிட என்னிடம் பேசினதுதான் அதிகம். இது கல்லே இல்லை என்றார். எறும்பை விடச் சின்னதாக ஒரு உயிர், தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டின வீடு. அப்படிக் கட்டிக் கட்டிக் கடலுக்குள் மேடாக எழும்பியிருக்கிற பாறையை அவர்கள் பார் என்று சொல்வார்கள். அவருடைய வீட்டுக்காரரே வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து காளவாசலுக்குப் போடுகிறவர்தான். தூரத்தில் இருந்த பார்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பது அவர்கள் ஊருக்கு நேர் முன்னால் இருக்கிற ஒரே ஒரு பார். இத்தனை நாள் அதில் கை வைக்கக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இந்த வருடம் காளவாசல்காரர் அதை எடுக்கச் சொல்கிறார்.

"வெயில் காலத்துல வார முத ஆர்டர் உங்க ஊரு கொடை ஆர்டர்தான். அது வந்துச்சுன்னா வள்ளத்த இறக்கிருவாவ. ஒரு தடவ இறக்கிட்டா பிறகு நிக்காது. அந்தப் பாரு போச்சுன்னா என் வீடு போச்சு தம்பி."

பாறைக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. நேரில் வந்து பாரு என்றார். வருடா வருடம் ஆர்டர் சொல்வதற்கு முன்னால் காளவாசலுக்குப் போய்ச் சுண்ணாம்பின் தரத்தைப் பார்த்துவிட்டு வருவது என் வேலை. அந்த வருடம் போனபோது, அப்படியே பஸ் மாறி அவர்கள் ஊருக்கும் போனேன்.

ஓலை வேய்ந்த வீடு. வாசலில் இருந்து பத்து எட்டு வைத்தால் கடல். அக்கா கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டுக்கு முன்னால் இன்னும் இரண்டு வரிசை வீடு இருந்ததாம். தெற்கே இருந்த பாரை வெட்டி எடுத்த பிறகு அலை ஒவ்வொரு வரிசையாகத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. மூன்றாவது வரிசை வீடு முதல் வரிசை வீடு ஆகிவிட்டது. அவர் சின்ன வயதில் விறகு பொறுக்கப் போன ஒரு தீவே இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டின இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததைத்தான் காட்டினார் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அவர் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர். கண் இரண்டும் சிவந்திருக்கும். என்னை வள்ளத்தில் ஏறச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். எங்கள் ஊர்க் கண்மாயில் முழங்காலளவு தண்ணீரில்கூடக் கம்பு ஊன்றி இறங்குகிறவன் நான். அக்கா சிரித்த சிரிப்பில் வெட்கப்பட்டு ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் அக்கா வீட்டுக்காரர் வள்ளத்தை நிறுத்தி, தான் கடலுக்குள் முங்குகிறபோது போடுகிற கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டு, என் இடுப்பு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார்.

என்னத்தைச் சொல்ல? நான் பார்த்ததைச் சரியாகச் சொல்ல எனக்குச் சொல் பத்தாது. என் குழியில் வெள்ளை மாவாகக் கொதிக்கிற அந்தக் கல் அங்கே மஞ்சளாகவும் ஊதாவாகவும் தவிட்டு நிறமாகவும் நின்றது. சிலது மான்கொம்பு மாதிரி, சிலது கவிழ்த்து வைத்த பானை மாதிரி, சிலது விரித்த முறம் மாதிரி. பால் பிடித்த கம்பங்கொல்லையில் குருவி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது மாதிரி மீன், பொடியும் பெரிதுமாக, கல்லுக்குள் நுழைவதும் வெளியே வருவதுமாக இருந்தது. நான் மூச்சைப் பிடிக்க மறந்து தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

பிறகு தெற்கே வள்ளத்தை விட்டார். வெட்டி முடித்த இடம். அங்கேயும் முகத்தை வைத்துப் பார்த்தேன். உடைந்த துண்டுகளும் சேறும். ஒரு மீன் இல்லை. கல் உடைக்கிற குவாரியில் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அவர் அப்போதுதான் கொஞ்சம் பேசினார். மீன் முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் அந்தப் பார்களில்தான். பார் போன பிறகு வலையில் விழுகிற மீன் குறைந்தது. மீன் குறைந்த பிறகுதான் கல் எடுக்கவே போனார். பெரிய அலை வந்தால் பாரில் மோதி உடைந்து, நுரையாகத்தான் கரைக்கு வரும். பார் இல்லாத இடத்தில் முழு அலையாக வரும். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் பக்கம் படித்தவர்களுக்குத் தெரியாததெல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவும் தெரிந்தும் ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க கேக்கீங்க, நாங்க எடுக்கோம்" என்றார். "ஆர்டர் வரலைன்னா நண்டு வலைக்குப் போயிருவேன். வந்துட்டா, மத்த வள்ளத்துக்காரன் எடுக்கதுக்கு முன்ன நான் எடுக்கணும்லா."

வழக்கமாக இரண்டு லோடு சுண்ணாம்பு வாங்குவோம். இரண்டு லோடு சுண்ணாம்புக்குக் கிட்டத்தட்ட நாலு லோடு கல் வேண்டும் என்று அவர்தான் சொன்னார். திரும்புகிற வழியில் காளவாசலில் ஆர்டர் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோயில் கூட்டம் போட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று உளறிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஊருக்கு வந்த பிறகு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொல்ல வேண்டும். மூன்று நாள் தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்குப் போனேன். முதல் நாள் அவர் டெலிபோனில் இருந்தார். இரண்டாம் நாள் என்னைப் பார்த்து என்ன என்று கேட்டார். சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். மூன்றாம் நாளும் சுவரைத்தான் பார்த்தேன். சொல்லுகிறதற்கு வாய் இல்லாதவர் அங்கே போய் எதற்குத் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தீர்கள் என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அடுத்த புதன்கிழமை அக்காவிடம் ஒத்துக்கொண்டேன், என்னால் ஆகவில்லை என்று. எப்போது கூட்டம் என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் கூடை இல்லாமல், சர்ச்சுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

கோயில் கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பெண்களே பேசுவதில்லை. வெளியூர் அக்கா, அதுவும் வேறு சாமி கும்பிடுகிறவர், வந்து நின்றால் எப்படி இருக்கும்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். இந்த வருடம் கடல் சுண்ணாம்பு வேண்டாம், நம்ம சுக்கானையே சுட்டுக் கொஞ்சம் நீலம் கூடுதலாகப் போட்டு அடித்துவிடலாம், கடலில் பாறை எல்லாம் போகிறது என்று, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். ஒருவர் காதிலும் விழவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன். கடலில் பாறை போனால் உனக்கென்ன என்று ஒருவர் கேட்டார். அக்காவைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா நிதானமாகத்தான் சொன்னார். வீட்டு வரிசை போனது, மீன் போனது, இந்தப் பார் போனால் இனி ஒன்றும் இல்லை என்பதெல்லாம். கேட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் கிடையாது. இரண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள். பிறகு கிழக்குப் புஞ்சையில் விவசாயம் செய்கிற சம்சாரி ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"எல்லாம் சரி தாயி. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். எம் புஞ்சையில வருசா வருசம் கல்லு பொறுக்குதேன். மறுவருசம் உழுதா மறுபடியும் வந்து நிக்கு. எங்க அய்யா பொறுக்கினாரு, நான் பொறுக்குதேன். குறைஞ்சுதா? இத்தனூண்டு புஞ்சையில விளையுத கல்லு, அம்புட்டுக் கடல்ல விளையாம போயிருமா?"

கூட்டம் மொத்தமும் தலையை ஆட்டியது. இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் இதை எல்லோரும் மனதார நம்புகிறவர்கள். கரிசலில் கல் விளையும். வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் ஊறிப் பொதும்பி, ஒவ்வொரு வருடமும் மண் கல்லை மேலே தள்ளும். பொறுக்கினவனுக்குத்தான் தெரியும் அது தீராது என்று. நானும் பொறுக்கியிருக்கிறேன். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கடலில் முகத்தை வைத்துப் பார்த்திராவிட்டால் நானும் அன்றைக்குத் தலையை ஆட்டியிருப்பேன்.

அக்கா அந்தச் சம்சாரியையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உங்க புஞ்சையில கல்லு விளையல அய்யா. மண்ணு போயிக்கிட்டு இருக்கு. மழை பெஞ்சா உங்க கரிசத் தண்ணி ஓடையில இறங்கி எங்க கடலுக்குத்தான் வருது. ஒரு வாரம் கடலு கருப்பாக் கிடக்கும். பார்ல சேறு படிஞ்சு, இருக்கதும் மூச்சு முட்டிச் சாவுது. நீங்க கல்லு வந்திருச்சுன்னு நினைக்கீங்க."

அந்தச் சம்சாரி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்துவிட்டது, ஒரு வார்த்தை உள்ளே போய் விழுந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அதற்குள் பின்னால் இருந்து ஒருவன், "அப்பம் எங்க மண்ணை அள்ளிட்டு வந்து திருப்பிக் குடுத்துரு அக்கா, நாங்க கல்லைத் திருப்பிக் குடுத்துருதோம்" என்றான். கூட்டம் சிரித்தது. சம்சாரியும் சிரித்தார். நன்றாக வந்த பேச்சு அந்தச் சிரிப்பில் கரைந்து போய்விட்டது. எங்கள் ஊரில் எந்த நல்ல காரியத்தையும் இப்படி ஒரு சிரிப்பில் முடித்துவைக்க ஒருவன் இருப்பான்.

கடைசியில் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். அவர் முகத்தில் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

"அந்தம்மா சொல்லுததுல நியாயம் இருக்கு. இந்த வருசம் மட்டும் கடல் சுண்ணாம்பு அடிச்சிருவோம். அடுத்த வருசம் யோசிப்போம்."

எல்லோருக்கும் திருப்தி. நியாயத்தையும் ஒத்துக்கொண்டாயிற்று, சுண்ணாம்பும் வந்துவிடும். இந்த வருடம் மட்டும் என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. கருவேலஞ்செடியை இந்த வருடம் மட்டும் விட்டுவைத்தோம், கண்மாய் போய்விட்டது. கண்மாய் மண்ணை இந்த வருடம் மட்டும் அள்ளட்டும் என்று விட்டோம், மடை போய்விட்டது.

அக்காவை பஸ் ஏற்றிவிடப் போனேன். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"அடுத்த வருசம் யோசிக்கதுக்கு அங்கன என்னா தம்பி இருக்கும்?" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வருகிறபோது அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். மறுநாளே காளவாசலுக்கு ஆள் அனுப்பி இரண்டு லோடு சொல்லிவிட வேண்டும், நீ குழியைத் தயார் பண்ணு என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு? கொஞ்ச தூரம் போனதும் வேறு எதையோ நினைத்துச் சலித்துக்கொண்டார்.

"வீட்ல வேற ஒரே பிடிவாதம். சிவகாசியில சம்பந்தி அவிய ஆபீஸுக்கு ரோஸ் கலர்ல சிமெண்ட் பெயிண்ட் அடிச்சிருக்காவளாம். நாமளும் அடிக்கணுமாம். நீ என்ன சொல்லுத? ஆபீஸுக்குச் சுண்ணாம்புதான குளுமை?"

சுண்ணாம்புதான் குளுமை. இதில் சந்தேகமே இல்லை. சிமெண்ட் பெயிண்ட் எங்கள் பக்கத்துச் சுவரில் இரண்டு மழைக்குத் தாங்காது, உப்புப் பூத்துப் பொரிந்து விழும். இதை நான் அதுவரை நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். பெயிண்ட் அடிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர்களுக்கு நீற்றவும் தெரியாது, மட்டை பிடிக்கவும் தெரியாது. டப்பாவைத் திறப்பார்கள், அடிப்பார்கள். அவர்கள் வந்தால் எனக்கு வேலை இல்லை.

"ரோஸ் நல்லா எடுப்பா இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

நின்றுவிட்டார்.

"அப்படியா சொல்லுத?"

எனக்கு அன்று எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை. ஆபீஸுக்கு மட்டும் அடித்தால் பத்தாது, கோயிலுக்கும் அதையே அடித்துவிட்டால் பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்றேன். கொடைக்கு வருகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்ணில் படும், யார் அடித்தது என்று கேட்பார்கள் என்றேன். சம்பந்தி வீட்டார் கண்டிப்பாகக் கேட்பார்கள் என்றேன். அம்மனுக்கு வெள்ளைதானே வழக்கம் என்று அவரே ஒரு தடவை இழுத்தார். மதுரைப் பக்கம் கோயில்களிலெல்லாம் இப்போது கலர்தான் என்று ஒரு போடு போட்டேன். மதுரைக்கு நான் போனது இரண்டே தடவை. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்கு.

பத்து எட்டு நடப்பதற்குள் அண்ணாச்சிக்கு முடிவாகிவிட்டது. கோயிலுக்கும் இரண்டு ஆபீஸுக்கும் ரோஸ். கோயிலுக்கும் ஆபீஸுக்கும் வேண்டாம் என்றான பிறகு வீடுகளுக்கென்று மட்டும் லோடு இறக்க வேண்டிய அவசியம் இல்லை. கடையில் விற்கிற மலைக்கல் சுண்ணாம்புப் பவுடரை அவரவர் வாங்கி அடித்துக்கொள்ளட்டும். ஆதியிலிருந்து வந்த வழக்கம் பத்து எட்டில் முடிந்துவிட்டது.

இதை நினைத்து நான் சந்தோஷப்பட வேண்டும். படத்தான் செய்தேன். ஆனால் அதைவிட அதிகமாக எரிச்சல்தான் வந்தது. ஒரு மனுஷி தன் வீடு போகிறது, கடல் போகிறது என்று உள்ளதை உள்ளபடி ஒரு மணி நேரம் நின்று சொன்னார். அதற்கு ஒரு லோடு குறையவில்லை. ரோஸ் நன்றாக இருக்கும் என்று நான் சொன்ன ஒரு பொய்க்கு இரண்டு லோடும் நின்றுவிட்டது. சரி, நின்றதே போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்காரியிடம் சொன்னபோது, உங்கள் பிழைப்பை நீங்களே வெட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாள். சாப்பாடு போட்டாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆர்டர் போகாததால் அந்த மாதம் வள்ளம் இறங்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் ஊரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நண்டு வலைக்குப் போயிருக்கிறார். பின்னால் மற்ற வள்ளத்துக்காரர்கள் அந்தப் பாரின் தெற்கு ஓரத்தில் கொஞ்சம் எடுக்கத்தான் செய்தார்கள். முழுவதும் போகவில்லை. இரண்டொரு வருடத்தில் கடல் கல்லை எடுக்கவே கூடாது என்று சட்டம் கெடுபிடியானது. ஒளித்து எடுத்தார்கள், பிறகு அதுவும் குறைந்தது. சுனாமி வந்த அன்று அக்கா வீட்டு வாசல்படி வரைக்கும் தண்ணீர் வந்து திரும்பிப் போய்விட்டது. பார் நின்றதால்தான் என்று அக்கா அடித்துச் சொல்கிறார். இலங்கை மறைத்துக்கொண்டது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. வீடு நிற்கிறது, அது தெரியும்.

இப்போது அக்கா வேறு ஒன்று சொல்கிறார். கடல் சூடு ஏறினால் பவளம் நிறம் போய் வெள்ளையாக நிற்கிறதாம். கடப்பாரை இல்லை, காளவாசல் இல்லை, நின்ற இடத்திலேயே வெளுத்துப் போகிறதாம். சூடு இறங்கினால் சிலது பிழைக்கும், சிலது பிழைக்காதாம். நான் பார்த்த அந்த மஞ்சளையும் ஊதாவையும் நினைத்துக்கொள்வேன். நாங்கள் சுட்டு வெளுக்க வைத்தது பத்தாது என்று, இப்போது ஊர் உலகம் மொத்தமும் சேர்ந்து சுடுகிறது. இதற்கு எந்த அண்ணாச்சியிடம் போய் எந்தக் கலர் நன்றாக இருக்கும் என்று சொல்வது? எனக்குத் தெரிந்த தந்திரம் அது ஒன்றுதான்.

கூட்டம் நடந்த மறுநாள் காலையில், இந்த வருடம் சுண்ணாம்பு வேண்டாம் என்று அண்ணாச்சி காளவாசலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். மத்தியானம் கோவில்பட்டியிலிருந்து பெயிண்ட் அடிக்கிறவர்கள் இரண்டு பேர் வந்து சுவரை அளந்தார்கள். கோயில் உயரத்துக்கு அவர்களிடம் ஏணி இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.